லீஸ் பணத்தை வைத்து ஃபிளாட் வாங்கலாமா?

கேள்வி: வயது 31. கோவையில் வேலை, பிடித்தம் போகக் கைக்கு 62,000 ரூபாய் வருகிறது. சரவணம்பட்டியில் ஒரு பழைய ஃபிளாட் 45 லட்சத்துக்கு வருகிறது, வாங்கி வாடகைக்கு விடலாம் என்று எண்ணம். 36 லட்சம் லோன் தருவதாக வங்கியில் சொல்கிறார்கள். கையில் 5 லட்சம் இருக்கிறது. ஒரு குடும்பம் 8 லட்சம் லீஸ் கொடுத்துக் குடிவரத் தயார். அந்தப் பணத்தில் மிச்சத்தைக் கட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. வீடு வாங்குவது தப்பில்லை, இந்த 8 லட்சத்தை வைத்து வாங்குவதுதான் தப்பு.

முதலில் வரவு செலவைப் பார்ப்போம். 36 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்தால் இஎம்ஐ ஏறக்குறைய 31,240 ரூபாய், அதாவது உங்கள் சம்பளத்தில் பாதி. அந்த வீட்டுக்கு மாதம் 14,000 வாடகை வந்தால்கூட 17,000 உங்கள் கையிலிருந்து போகும், அதற்கு மேல் அசோசியேஷன் மெயின்டெனன்ஸ், சொத்து வரி, ஆள் மாறும்போது வெள்ளையடிப்பு, வீடு காலியாகக் கிடக்கும் மாதம் எல்லாம் தனி. லீஸுக்கு விட்டால் அந்த 14,000-மும் கிடையாது. முழு இஎம்ஐயையும் நீங்களே கட்டிக்கொண்டு, இரண்டு மூன்று வருடத்தில் 8 லட்சத்தையும் திருப்பித் தர வேண்டும். எங்கிருந்து தருவீர்கள்?

அப்புறம் சட்டம். பத்திரம் உங்கள் பெயருக்கு வரும் முன்பே அந்த வீட்டை லீஸுக்கு விட உங்களுக்கு உரிமை கிடையாது. பணத்தைக் கொடுத்துவிட்டு வட்டிக்குப் பதிலாக வீட்டை அனுபவிப்பது என்று எழுதினால் அது போக்கியம், அதைப் பதிவு செய்யாமல் சட்டப்படி செல்லாது. வங்கியோ மூலப் பத்திரத்தை வாங்கி எம்ஓடி, அதாவது பத்திரத்தை அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணம், போட்டிருக்கும், வங்கியின் சம்மதம் இல்லாமல் இன்னொரு பாரம் ஏற்றினால் லோன் ஒப்பந்தத்தை மீறியதாகிவிடும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடனோ டெபாசிட்டோ வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

இதில் நசுங்குவது நீங்கள் மட்டுமில்லை. ஒரு அம்மா என்னிடம் வந்தார், கையில் 20 ரூபாய் ஸ்டாம்பு பேப்பரில் எழுதிய லீஸ் ஒப்பந்தம், மடிப்பெல்லாம் கிழிந்து செலோடேப் ஒட்டியிருந்தது. வீட்டுக்காரர் லோன் இருப்பதைச் சொல்லவே இல்லை. மூன்று மாதத் தவணை நின்றதும் வாராக்கடன், 60 நாள் நோட்டீஸ், அதன் பிறகு வங்கி கதவில் ஒட்டிய சுவாதீன அறிவிப்பைத்தான் போனில் படம் எடுத்து வந்திருந்தார். சீட்டு எடுத்துக் கொடுத்த 6 லட்சம். அந்த முகத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. உங்களால் இன்னொரு குடும்பத்துக்கு அது வரக் கூடாது.

சரி, எவ்வளவு சேர்த்தால் வாங்கலாம்? 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான லோனில் வீட்டு விலையில் 80 சதவீதம்தான் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆக 9 லட்சம் உங்கள் பங்கு. பழைய ஃபிளாட் என்பதால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, சேர்த்து 9 சதவீதம், அது 4 லட்சத்து 5 ஆயிரம். இந்த 13 லட்சமும் சொந்தப் பணமாக இருக்க வேண்டும், அதற்கு மேல் ஆறு மாத இஎம்ஐ தனியாக வங்கியில் கிடக்க வேண்டும். அவ்வளவு சேரும் வரை பொறுங்கள், அல்லது இதைவிடச் சின்ன வீடாகப் பாருங்கள்.

வருமான வரியில் மிச்சமாகும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். வாடகையில் சொத்து வரியையும், மீதியில் 30 சதவீதத்தையும், லோன் வட்டியையும் கழிக்கலாம்தான். உங்கள் கணக்கில் வருடத்துக்கு 1.9 லட்சம் அளவுக்கு நஷ்டம் காட்டும். பழைய வரி முறையில் அதைச் சம்பளத்தில் கழிக்கலாம், 2 லட்சம் வரை. புதிய முறையில் இருந்தால் முடியாது. நீங்களாகக் கேட்டு மாற்றாத வரை நீங்கள் இருப்பது புதிய முறையில்தான்.

பின்னால் வாங்கி வாடகைக்கு விடும்போது, எழுத்து மூலம் ஒப்பந்தம் போட்டு, 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி 90 நாளுக்குள் வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்யுங்கள். அட்வான்ஸ் மூன்று மாத வாடகை போதும்.

இப்போதைக்கு, அந்தக் குடும்பத்திடம் டோக்கன் என்று ஏதாவது வாங்கியிருந்தால் இந்த வாரமே வங்கிக் கணக்கு வழியாகத் திருப்பி அனுப்பிவிட்டு, முழுதும் பெற்றுக்கொண்டதாக இரண்டு வரி எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.