அடையாற்றுத் தாழ்நிலத்தில் வீட்டுமனை: எதிர்ப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

ஆதனூர் ஏரியில் தொடங்கி வரதராஜபுரம், முடிச்சூர், திருநீர்மலை, அனகாபுத்தூர் வழியாக ஓடிவரும் அடையாற்றின் இரு பக்கத் தாழ்நிலங்களில் லேஅவுட் போடுவதை எதிர்த்து நிற்கும் குடியிருப்போர் கேட்ட கேள்விகள் இவை. மட்டம், வடிகால், அனுமதி நடைமுறை ஆகிய மூன்றுக்கும் விரிவாகப் பதில் சொல்கிறேன். மனை விலை, வங்கிக் கடன், பாகப்பிரிவினை பற்றி என்னிடம் கேட்க வேண்டாம்.

முடிச்சூர்: சார், எங்க தெருவுக்குப் பின்னாடி அஞ்சு ஏக்கர் நஞ்சை. 2015ல கழுத்தளவு தண்ணி நின்ன இடம். இப்போ மனை போடப் போறாங்களாம், கல்லு நட்டுட்டாங்க. கேட்டா "பட்டா நிலம், நீங்க யாரு கேக்க"ன்றாங்க. எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

இன்றைக்கே மட்டம் எடுங்கள், அதாவது தரை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து வையுங்கள். மனு, வக்கீல், ஆர்ப்பாட்டம் எல்லாம் அதற்குப் பிறகு. மண் கொட்டி ரோலர் ஓட்டிவிட்டால் பழைய தரை எங்கே இருந்தது என்று யாராலும் காட்ட முடியாது. ஆய்வுக்கு வரும் அதிகாரியின் கண்ணுக்கு உங்கள் தெருவைவிட மேடான, காய்ந்த மனைதான் தெரியும்.

முதல் அளவுக்குக் கொத்தனாரிடம் இருக்கும் ட்யூப் லெவலே போதும். உள்ளே தண்ணீர் தெரிகிற ஓஸ், 15 மீட்டர் நீளம். குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது, குமிழி இருந்தால் அளவு பொய். 2015 வெள்ளக் கறை இன்னும் அழியாத சுவர் ஒன்றைத் தேடுங்கள். அந்தக் கறையிலிருந்து தெரு, மதகு, வரப்பு, வயல், ஆற்றங்கரை என்று புள்ளி புள்ளியாக மட்டத்தைக் கடத்துங்கள். இரண்டு முனையையும் மூடியிருக்கும் கட்டைவிரலை ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். ஓஸ் பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் கிடந்தால் அளவு தப்பும், அதனால் காலை வேளையில் செய்யுங்கள். கடைசிப் புள்ளியிலிருந்து வேறு வழியாகத் தொடங்கிய சுவருக்கே திரும்பி வந்து சரிபாருங்கள். இரண்டு விரற்கடை வித்தியாசம் வந்தால் முழுவதையும் மறுபடி எடுங்கள். ஒவ்வொரு புள்ளியையும் தேதியோடு படம் பிடியுங்கள். பிறகு ஒரு சர்வேயரை ஆட்டோ லெவல் கருவியோடு அழைத்து, சர்வே ஆஃப் இந்தியா பெஞ்ச்மார்க்கோடு (கடல்மட்டத்திலிருந்து உயரம் தெரிந்த நிலைக்குறி) இணைத்தால், உங்கள் அளவுகள் கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று மாறும். அதிகாரிகள் பேசும் கணக்கு அதுதான்.

அடுத்து கன அளவு. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. ஐந்து அடி உயர்த்தினால் 2,17,800 கன அடி, அதாவது 2,178 யூனிட் மண் (ஒரு யூனிட் 100 கன அடி). உங்கள் ஐந்து ஏக்கருக்கு 10,890 யூனிட். மூன்று யூனிட் டிப்பரில் 3,630 லோடு. வெள்ளம் அந்த உயரத்துக்கு வரும் நாளில் அந்த வயலில் தங்கியிருக்கக்கூடிய சுமார் 3 கோடி லிட்டர் தண்ணீர் இனி வேறு இடம் தேடும். மனுவில் இந்த எண்ணை எழுதுங்கள். "எங்கள் பகுதி பாதிக்கப்படும்" என்று மட்டும் எழுதினால் கோப்பில் போட்டு மூடிவிடுவார்கள்.

மனு போக வேண்டிய இடங்கள்: திட்ட அனுமதி தரும் அமைப்பு (பெருநகர எல்லைக்குள் சிஎம்டிஏ, வெளியே டிடிசிபி), நீர்வளத் துறைச் செயற்பொறியாளர், மாவட்ட ஆட்சியர், உள்ளாட்சி. எல்லாம் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில்.

வரதராஜபுரம்: நீர்வளத் துறை என்ஓசி கொடுத்துட்டாங்களாம். அப்போ வெள்ளம் வராதுன்னு அவங்களே சொல்லிட்ட மாதிரிதானே?

இல்லை. அந்தத் தடையில்லாச் சான்றின் நிபந்தனைகளைப் படியுங்கள். அந்த இடத்தின் உச்ச வெள்ள மட்டம் இவ்வளவு, மனையை அதற்கு மேல் இத்தனை மீட்டர் மட்டத்துக்கு உயர்த்த வேண்டும் என்று வழக்கமாக இருக்கும். அதாவது வெள்ளம் வரும் என்று அந்தத் தாளே ஒப்புக்கொள்கிறது. மண் கொட்டச் சொல்வதும் அதே தாள்தான். ஆற்றிடமிருந்து மனையைக் காப்பது எப்படி என்று அது சொல்கிறது. மனையால் பக்கத்துத் தெருவுக்கு என்ன ஆகும் என்பது அதில் இருக்காது. உங்கள் ஆட்சேபம் அந்த விடுபட்ட இடத்தைப் பிடிக்க வேண்டும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாளில் பதில். "ஏன் அனுமதித்தீர்கள்" என்று கேட்டால் பதில் வராது, ஆவணத்தைக் கேளுங்கள்: சான்றின் நகல், இணைப்பு வரைபடம், கள ஆய்வுக் குறிப்பு, உச்ச வெள்ள மட்டம் எந்த ஆண்டு வெள்ளத்தை வைத்துக் குறிக்கப்பட்டது என்று காட்டும் பக்கம், ஆற்றின் குறுக்குவெட்டு அளவுகள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

கோரிக்கையையும் தெளிவாக வையுங்கள். கொட்டும் மண்ணுக்குச் சமமான கொள்ளளவை அதே வெள்ளப் பரப்பில், அதே மட்டத்தில் தோண்டித் தர வேண்டும். "குளம் வெட்டித் தருகிறோம்" என்று சொல்லி நிலத்தடி நீர் மட்டத்துக்குக் கீழே ஆழமாகத் தோண்டினால் ஏற்காதீர்கள். ஐப்பசியிலேயே நிரம்பிவிடும் குழி கார்த்திகை வெள்ளத்தில் ஒரு குடம்கூட வாங்காது.

மணிமங்கலம்: ஐயா, நான் விவசாயி. மூணு ஏக்கர் ஆத்தோரம். பொண்ணு கல்யாணத்துக்கு விக்கலாம்னு இருந்தேன். நீங்க எல்லாரும் எதிர்த்தா என் நிலத்தை யார் வாங்குவா? வெள்ளத்துக்கு நான் மட்டும் எடம் விடணுமா?

நியாயமான கேள்வி ஐயா. இதற்குப் பதில் சொல்லாமல் எதிர்ப்பு இயக்கம் நடத்துவது தவறு. உங்கள் மூன்று ஏக்கர் ஆண்டுக்குச் சில நாள் தண்ணீரை வாங்கி வைத்து, கீழே இருக்கும் ஆயிரக்கணக்கான வீடுகளைக் காக்கிறது. அந்தச் சேவைக்கு இன்று உங்களுக்கு ஒரு ரூபாய்கூட வருவதில்லை. 1975இல் மத்திய அரசு வெள்ளப் பரப்பு மண்டலச் சட்டத்துக்கு ஒரு மாதிரி வரைவை மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர், ராஜஸ்தான், உத்தரகாண்ட் போன்ற சில மாநிலங்கள்தான் அதைச் சட்டமாக்கின. கட்டக் கூடாது என்று வகைப்படுத்தும் நிலத்துக்கு இழப்பீடு தருவதும் அந்த வரைவில் உண்டு. இங்கே குடியிருப்போர் சங்கங்கள் "அனுமதி தராதே" என்பதோடு நிறுத்தாமல், உங்களைப் போன்றவர்களுக்கு இழப்பீடும் வளர்ச்சி உரிமை மாற்றமும் (இங்கே கட்ட முடியாத உரிமையை வேறு இடத்தில் பயன்படுத்தவோ விற்கவோ விடும் ஏற்பாடு) தரச் சொல்லி அதே மனுவில் கேட்க வேண்டும். விவசாயி எதிர்ப்பக்கம் நிற்கும் ஊரில் ஆட்சேபம் வெல்வது கடினம்.

மேற்குத் தாம்பரம்: பட்டா, சிஎம்டிஏ அப்ரூவல், ரெரா நம்பர் மூணும் இருக்கு. மனை வாங்கலாமா?

மூன்றும் மூன்று வேறு விஷயங்கள். பட்டா, நிலம் யார் பெயரில் என்று சொல்கிறது. அப்ரூவல், சாலை அகலமும் திறந்தவெளி ஒதுக்கீடும் விதிப்படி என்று சொல்கிறது. ரெரா எண் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையப் பதிவு), 500 சதுர மீட்டருக்கு மேலோ எட்டு அலகுக்கு மேலோ உள்ள திட்டம் பதிவாகியிருக்கிறது என்று சொல்கிறது. தண்ணீர் வருமா என்பது மூன்றிலும் இல்லை. மனையின் இப்போதைய மட்டம், கொட்டுவதற்கு முந்தைய மட்டம், 2015 வெள்ள மட்டம் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள்.

ஜாபர்கான்பேட்டை: வீடு கட்டினதாலயா வெள்ளம் வந்துச்சு? செம்பரம்பாக்கம் ஏரியை ராத்திரியோட ராத்திரியா தொறந்து விட்டதாலதான் வந்துச்சு. அதை மறைக்கத்தான் "ஆக்கிரமிப்பு, தாழ்நிலம்"னு பேசறீங்க.

மறைக்கவில்லை. 2015 டிசம்பர் 1 இரவு ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள் என்பது அரசே சொன்ன எண். ஏரியைக் கையாண்ட விதத்தைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையும் குறை சொன்னது. ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரத்துக்கு உங்கள் கோபம் பொருந்தும்.

ஆனால் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலை அருகே. வரதராஜபுரமும் முடிச்சூரும் அதற்கு மேலே இருக்கின்றன. அங்கே வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி, கலங்கல் (உபரிநீர் வெளியேறும் வழி) வழிந்த தண்ணீரும் நேரடி மழையும்.

அதே நபர்: கீழே ஆறு நிறைஞ்சு எதிர்த்து ஏறினா மேலயும் தண்ணி நிக்கும் சார். உங்களுக்குத் தெரியாததா?

எதிர்த்தேக்கம் உண்மைதான். சேருமிடத்துக்குக் கொஞ்ச தூரம் மேலே வரை அது மட்டத்தை உயர்த்தும். அது முடிச்சூர் வரை ஏற முடியாது, நிலம் அவ்வளவு சரிவு. இன்னும் நேரான சான்று தேதி. டிசம்பர் 1 இரவுக்கு இரண்டு வாரம் முன்பே, நவம்பர் நடுவில், முடிச்சூரும் மேற்குத் தாம்பரமும் மூழ்கிப் படகு ஓடியது. டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை. அந்த மழைக்கு ஷட்டரே இல்லாத மேல் கிளையும் ஆறாகவே ஓடியது.

சைதாப்பேட்டை: அப்போ ஏரி அதிகாரிங்க மேல தப்பே இல்லன்றீங்களா?

முந்தைய பதிலை மறுபடி படியுங்கள். தப்பு இருக்கிறது. ஆனால் "எல்லாம் ஷட்டரால்தான்" என்று நீங்கள் சொல்லும்போது, மேலே மண் கொட்டுகிறவருக்கு அது வசதியாகப் போகிறது. ஏரியைச் சரியாக இயக்கினால் போதும், தாழ்நிலத்தில் தாராளமாகக் கட்டலாம் என்று அவரும் உங்கள் வாதத்தையே பேசுகிறார். இந்த விவாதம் இத்தோடு போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

பெருங்களத்தூர்: பட்டா இருந்தா கட்டலாம்தானே?

மேற்குத் தாம்பரத்துக்குச் சொன்ன பதில்தான்.

அனகாபுத்தூர்: 2015ல வந்தது நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற வெள்ளம்னு சொன்னாங்க. இனி நம்ம ஆயுசுல வராதுல்ல?

நூறாண்டு வெள்ளம் என்றால் ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு. போன வருடம் வந்ததால் இந்த வருடம் குறையாது. 30 ஆண்டு ஒரு வீட்டில் குடியிருந்தால் ஒரு முறையாவது வரும் வாய்ப்பு 26 சதவீதம். 25 ஆண்டு வெள்ளம் வரும் இடத்தில் 20 ஆண்டு கடனில் வாங்கினால், கடன் முடிவதற்குள் வெள்ளம் பார்க்கும் வாய்ப்பு 56 சதவீதம்.

மண்ணிவாக்கம்: லேஅவுட்டைச் சுத்தி கான்கிரீட் சுவர் எழுப்பிட்டா பிரச்சினை தீருமே?

உள்ளே பெய்யும் மழை எங்கே போகும்? ஐந்து ஏக்கரில் மணிக்கு 5 செ.மீ. மழை என்றால் ஆயிரம் கன மீட்டர், நொடிக்கு 280 லிட்டர். ஐந்து மீட்டர் உயரம் தள்ள 30 குதிரைத்திறன் பம்பு, அதுவும் கரண்ட் போன நேரத்தில் ஓட வேண்டும். வடிகால் வாயில் ஒருவழிக் கதவு இல்லையென்றால் ஆறே உள்ளே வரும். நீரோட்டத்துக்குக் குறுக்கே நிற்கும் காம்பவுண்டு சுவர் மேல்பக்கத்தாருக்கு அணையாகிவிடும். ஸ்டில்ட் கட்டிடமும் (தரைத்தளத்தைத் திறந்து விட்டுத் தூண் மேல் கட்டுவது) இதே கதைதான்: சுற்றுச்சுவரும் மண் நிரப்பலும் இல்லாதவரை தண்ணீர் கீழே போகும், பிறகு யாராவது அதை அடைத்துக் கடை வைப்பார்கள்.

குன்றத்தூர்: இங்கே பெரிய அடுக்குமாடி வருகிறது. பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் எப்போது நடக்கும்?

நடக்காது. 2006 சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையில் கட்டிடத் திட்டங்களுக்கு அந்தக் கூட்டத்திலிருந்து விலக்கு உண்டு. காத்திருந்து ஏமாறாதீர்கள். கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் மாநில ஆணையத்தின் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதிக்கான பரிவேஷ் இணையதளத்தில் கூட்ட நிகழ்ச்சி நிரலைப் பார்த்து, திட்டம் பரிசீலனைக்கு வரும் முன்பே உங்கள் ஆட்சேபத்தை மட்ட அளவுகளோடு அனுப்புங்கள். ஒரே இடத்தை இரண்டு பெயரில் பிரித்து 20,000க்குக் கீழே காட்டுகிறார்களா என்று சர்வே எண்களை ஒப்பிடுங்கள்.

அனுமதி கிடைத்தால் உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் வரும், அதை வெட்டி வையுங்கள். தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். நல்ல வழக்குகள் தேதி தவறியே தோற்கின்றன.

ஊரப்பாக்கம்: பட்டா நிலத்துல கட்ட எப்படித் தடை சொல்ல முடியும்?

பட்டாவைப் பற்றிய கடைசி பதில் இது. 2007 ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் ஆக்கிரமிப்பைப் பற்றியது, பட்டா நிலத்தில் அதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், முதல் விசாரணையிலேயே மனு விழும். பட்டா நிலத்தில் உங்கள் வாதம் ஆக்கிரமிப்பு பற்றியதாக இருக்கக் கூடாது. அனுமதியின் நிபந்தனை, மட்டம், பக்கத்தாருக்கு நேரும் பாதிப்பு, இந்த மூன்றில்தான் நிற்க வேண்டும். அதோடு கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் (ஒரு சர்வே எண்ணின் அளவு வரைபடம்) பாருங்கள். பட்டா மனைகளுக்கு நடுவே ஓடையோ வாய்க்காலோ தனி சர்வே எண்ணில் இருந்து, தரையில் காணாமல் போயிருந்தால், அங்கே மட்டும் ஆக்கிரமிப்பு வாதம் எடுபடும்.

கோட்டூர்புரம்: ஆத்தங்கரைக் குடிசைகளை மொத்தமா எடுத்துட்டாங்க. பெரிய கட்டிடங்களை மட்டும் ஏன் தொடல?

குடிசை புறம்போக்கில் இருந்தது, சட்டம் அங்கே சுலபமாக நீண்டது. அங்கிருந்து அவர்களைக் கொண்டுபோய் வைத்த பெரும்பாக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்நிலம். விமான நிலையத்தின் ஓடுபாதை அடையாற்றின் மேலேயே பாலம் போட்டு நிற்கிறது. ஏழையை மட்டும் அப்புறப்படுத்துவதை வெள்ளத் தடுப்பு என்று ஏற்க முடியாது.

முடிச்சூர் (முதலில் கேட்டவர்): சார், நேத்து ராத்திரி லாரி வர ஆரம்பிச்சிடுச்சு. நாப்பது லோடு இறக்கிட்டாங்க. இனிமே மட்டம் எடுத்து என்ன பயன்?

இருக்கிறது. ஐந்து ஏக்கரில் நாற்பது லோடு ஒரு மூலைதான். மீதி இடத்தில் வரப்பும் வயலும் இன்னும் தெரியும், இன்று காலையே எடுங்கள். கொட்டிய இடத்தின் ஓரத்தில் பழைய தரையும் புதிய மண்ணும் சேருமிடத்தை அடிக்கோல் வைத்துப் படம் பிடியுங்கள். சவுடு மண்ணின் நிறம் வயல் களிமண்ணிலிருந்து தனியாகத் தெரியும். லாரி எண்களையும் நேரத்தையும் எழுதி, மண் எங்கிருந்து எந்த அனுமதிச் சீட்டில் வருகிறது என்று கனிமவளத் துறைக்கும் வட்டாட்சியருக்கும் இன்றே மனுக் கொடுங்கள். லோடை நிறுத்த அதுதான் வேகமான வழி. கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களைத் தேதியோடு சேமித்து வையுங்கள்.