'யூ வான்ட் காபி?' – ஸ்பானிஷ்காரருக்கு ஆங்கிலத்தில் கேள்வி கேட்கக் கற்றுத்தருவது எப்படி?

கேள்வி: கணவரின் வேலை காரணமாக ஸ்பெயினில் வலென்சியா நகரில் 3 வருடமாக இருக்கிறோம். கடைக்குப் போய்வரும் அளவுக்கு எனக்கு ஸ்பானிஷ் வரும். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு 50 வயது. சிறிய ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு மேசை வேலை கிடைக்கும்போல் இருக்கிறது என்பதால் என்னிடம் ஆங்கிலம் சொல்லித்தரக் கேட்கிறார். ஆனால் 'யூ வான்ட் காபி?', 'வேர் லிவ்ஸ் யுவர் மதர்?', 'டிட் யூ வென்ட்?' என்றுதான் வருகிறது. திருத்தினால் அந்த நிமிடம் சரியாகச் சொல்கிறார், மறுநாள் பழையபடிதான். 1000 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றும் வாங்கிக் கொடுத்தேன். எதுவும் மனதில் நிற்கவில்லை என்கிறார். நான் எங்கே தொடங்குவது?

பதில்: பட்டியலை இப்போதைக்கு அலமாரியில் வைத்துவிடுங்கள். அந்த மூன்று வாக்கியங்களைப் பார்ப்போம். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் மூன்றும் வேறு வேறு இடத்திலிருந்து வரும் தவறுகள். அதனால்தான் ஒரே திருத்தம் மூன்றுக்கும் வேலை செய்யவில்லை.

முதலில் காபி. ஸ்பானிஷில் 'கியேரெஸ் கஃபே' என்றால் 'உனக்குக் காபி வேண்டும்' என்றும் பொருள், 'வேண்டுமா?' என்றும் பொருள். சொல்லோ வரிசையோ மாறாது, குரல் மட்டும் கடைசியில் ஏறும். பேச்சில் இது போதும். எழுத்தில் போதாது, வாக்கியத்தின் கடைசிக்கு வந்த பிறகுதான் அது கேள்வி என்று தெரியும். அதற்காகத்தான் 1754-இல் ஸ்பானிஷ் மொழியின் அரச அகாதெமி, கேள்வியின் தொடக்கத்திலேயே தலைகீழ்க் கேள்விக்குறி ஒன்றைப் போடச் சொன்னது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை, 'வேண்டும்' உடன் ஓர் 'ஆ' சேர்த்தால் முடிந்தது.

ஆங்கிலத்தின் 'டூ'வுக்கு ஸ்பானிஷில் இணையான சொல்லே கிடையாது. 'இதற்கு என்ன அர்த்தம்?' என்று அவர் கேட்டிருப்பார், நீங்களும் விழித்திருப்பீர்கள். அர்த்தம் சொல்ல முயலாதீர்கள். வாக்கியத்தின் முன்னால் நீங்கள் போடும் அந்தத் தலைகீழ்க் குறிக்கு வாய் முளைத்தால் அதுதான் 'டூ' என்று சொல்லுங்கள். தாளில் குறியை வரைந்து, அதன் மேல் விரல் வைத்து 'டூ' என்று உச்சரிக்கச் செய்து, பிறகு 'யூ வான்ட் காபி' என்று தொடரச் சொல்லுங்கள். என் வகுப்புகளில் இலக்கண விளக்கம் எதையும்விட இதுதான் சீக்கிரம் பிடிபடுகிறது. 'வேர்', 'வென்' வரும்போது 'டூ' அவற்றுக்கு அடுத்து உட்காரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டாவது, 'வேர் லிவ்ஸ் யுவர் மதர்?' இதில் அவர் எதையும் மறக்கவில்லை. 'தோந்தே பீபே து மாத்ரே?' என்ற தம் மொழி வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் கொண்டுவந்திருக்கிறார். 'எங்கே' என்றதும் வினைச்சொல், அப்புறம்தான் அம்மா. 'வேர் இஸ் யுவர் மதர்?' என்னும்போது இதே பழக்கம் அதிர்ஷ்டவசமாகச் சரியாகவும் அமைந்துவிடுகிறது. ஆகவே அதை நம்பத் தொடங்கிவிடுகிறார். பாடப்புத்தகங்கள் 'இஸ்', 'ஆர்' கேள்விகளிலேயே பல வாரம் ஓட்டுவது ஸ்பானிஷ்காரர்களுக்கு நல்லதல்ல என்பது என் கருத்து. முதல் நாளே 'டூ'வை இறக்கிவிடுங்கள்.

மூன்றாவதற்கு ஒரு 20 சென்ட் நாணயம் வேண்டும். 'ஹீ வென்ட்' என்று தாளில் எழுதி, 'வென்ட்' மேல் நாணயத்தை வையுங்கள். இறந்தகாலம் என்பது அந்த நாணயம். கேள்வியாக்கும்போது 'டிட்' வந்து நாணயத்தை எடுத்துக்கொள்கிறது. நாணயம் போனதும் 'வென்ட்' வெறும் 'கோ' ஆகிவிடுகிறது: 'டிட் ஹீ கோ?' இருப்பது ஒரே நாணயம், இரண்டு பேரிடமும் இருக்க முடியாது. 'லிவ்ஸ்' என்பதன் கடைசி 'ஸ்' ஒலிக்கும் இதே கதைதான். 'டஸ்' எடுத்துக்கொண்டால் 'லிவ்' வெறுங்கையோடு நிற்கும்: 'வேர் டஸ் யுவர் மதர் லிவ்?' நாணயத்தை நீங்கள் நகர்த்தாதீர்கள், அவர் கையால் நகர்த்தட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று சீக்கிரமே வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 'ஹூ கால்ட் யூ?' என்பதில் 'டிட்' இல்லை. 'ஹூ டிட் யூ கால்?' என்பதில் இருக்கிறது. ஏன்? தமிழில் சொல்லிப் பாருங்கள்: யார் கூப்பிட்டார்? யாரைக் கூப்பிட்டீர்கள்? அந்த 'ஐ' உருபு வந்தால் ஆங்கிலத்தில் 'டிட்' வரும். ஸ்பானிஷிலும் இதே வித்தியாசம் அச்சாக இருக்கிறது. 'கியேன் தே யாமோ?' என்றால் யார், 'ஆ கியேன் யாமஸ்தே?' என்றால் யாரை. முன்னால் நிற்கும் அந்தச் சின்ன 'ஆ' நம் 'ஐ' செய்யும் வேலையைச் செய்கிறது. 'கியேன்' தனியாக வந்தால் 'டிட்' வேண்டாம், முன்னால் துணைக்கு ஏதாவது சொல் ஒட்டிக்கொண்டு வந்தால் 'டிட்' வேண்டும். ஆங்கிலேய ஆசிரியர்கள் பலர் எழுவாய், செயப்படுபொருள் என்று பலகை முழுக்க எழுதி விளக்குவது உங்களுக்கு இரண்டு நிமிட வேலை.

விதிவிலக்கும் உண்டு. 'ஆ கியேன் லே குஸ்தா எல் கஃபே?' என்பதில் 'ஆ' இருக்கிறது, ஆங்கிலத்திலோ 'ஹூ லைக்ஸ் காபி?'தான். அவர் குழம்புவார், நீங்கள் குழம்ப வேண்டாம். 'யாருக்குக் காபி பிடிக்கும்?' என்று நாமும் 'கு' போட்டுத்தானே கேட்கிறோம்! 'எனக்குப் பிடிக்கும்' என்ற அமைப்பு ஸ்பானிஷிலும் அப்படியே இருக்கிறது. ஆங்கிலத்தில்தான் விரும்புகிறவர் எழுவாயாகிறார். பிடிக்கும் விஷயத்தை மட்டும் தனியாக மனப்பாடம் செய்யச் சொல்லிவிடுங்கள்.

'டூ யூ நோ வேர் இஸ் தி ஸ்டேஷன்?' போன்ற பிழைகளை இப்போது தொடவே வேண்டாம். ஹோட்டலுக்கு வருகிறவருக்கு அது புரியும். 'இஸ்ன்ட் இட்', 'டோன்ட் யூ' வால்களும் அப்படித்தான், 'ரைட்?' என்ற ஒரு சொல் நம் 'தானே' மாதிரி எல்லா இடத்திலும் ஓடிவிடும். ஆனால் 'இஸ் எக்ஸ்பென்சிவ்?' என்று 'இட்'டை விழுங்குவதைத் திருத்துங்கள். எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவது ஸ்பானிஷிலும் நம்மிடமும் வழக்கம், ஆங்கிலம் அதை விடாது.

சரி, சொற்களுக்கு வருவோம். பெரு நாட்டின் லிமாவிலிருந்து வந்து என்னிடம் படித்த பொறியாளர் ஒருவர், வகுப்பு முடிந்ததும் என்னிடம் 'ஷல் ஐ எக்ஸ்டிங்க்விஷ் தி லைட்?' என்று கேட்டார். அத்தனை பெரிய சொல் தெரிந்தவருக்கு 'டர்ன் ஆஃப்' தெரியவில்லை. காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சும் லத்தீனும் அரண்மனை, நீதிமன்ற, ஏட்டுச் சொற்களாக ஆங்கிலத்துக்குள் வந்தன. அடுப்படிச் சொற்கள் பெரும்பாலும் பழைய ஆங்கிலமாகவே தங்கிவிட்டன. ஸ்பானிஷ் லத்தீனின் பிள்ளை என்பதால் அவருக்கு ஏட்டுச் சொல் எல்லாம் சொந்தக்காரர்கள், 'ஸ்பூன்', 'லிட்', 'கெட்', 'புட்' எல்லாம் அந்நியர்கள். உங்கள் பட்டியல் தோற்றது இதனால்தான் என்று நினைக்கிறேன். அதில் பாதி அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கும். 'இன்ஃபொர்மாதியோன்' தெரிந்தவருக்கு 'இன்ஃபர்மேஷன்' எதற்கு?

அந்தப் பொறியாளரின் தவறில் இன்னொன்றும் இருக்கிறது. தீயை அணைப்பதும் விளக்கை அணைப்பதும் ஸ்பானிஷில் ஒரே சொல், 'அபகார்'. தமிழிலும் ஒரே சொல்தான்! இப்படி உங்கள் இருவருக்கும் ஒன்றாக இருந்து ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரிவதைத் தேடுங்கள். அவர்களுக்குக் கையிலும் காலிலும் இருப்பது 'தேதோ', நமக்கும் விரல்தான். கட்டுவதும் மாட்டுவதும் 'ரெலோஹ்', நமக்குக் கடிகாரம். 'சே', 'டெல்' இரண்டும் அவருக்கு 'தெதீர்', நமக்குச் சொல்வது. இங்கெல்லாம் அவர் எங்கே இடறுவார் என்பது உங்களுக்கே தெரியும், நீங்களும் ஒருகாலத்தில் இடறியிருப்பீர்கள். 'எஸ்பெரார்' மட்டும் வேறு. காத்திருப்பது, நம்பியிருப்பது, எதிர்பார்ப்பது மூன்றும் அதில் அடக்கம். விருந்தினரிடம் 'ப்ளீஸ் ஹோப் ஹியர்' என்று சொல்லிவிடப் போகிறார்.

ஒலி ஒத்து அர்த்தம் மாறும் சொற்களில் அவருக்கு வேண்டியவை நான்கைந்துதான். ஸ்பெயினில் 'கோன்ஸ்திபாதோ' என்றால் சளி பிடித்திருப்பது. ஆங்கிலத்தில் அதே ஒலியுள்ள சொல்லுக்கு மலச்சிக்கல் என்று பொருள். முதல் வாரமே சொல்லிவிடுங்கள். 'ரோப்பா' துணிமணி, கயிறு அல்ல. 'கார்பேத்தா' கோப்பு, தரைவிரிப்பு அல்ல.

இனி ஒவ்வொரு மாலையும் இருவருமாக உங்கள் வீட்டின் ஓர் அறையைச் சுற்றி வாருங்கள். ஒரு பொருளைத் தொட வேண்டும், தொட்டதைக் கேள்வியில் வைத்துச் சொல்ல வேண்டும். துண்டைத் தொட்டு 'டூ யூ நீட் எ டவல்?', தலையணையைத் தொட்டு 'டிட் யூ ஸ்லீப் வெல்?', சாவியைத் தொட்டு 'டூ யூ ஹேவ் யுவர் கீ?' ஒரு நாளைக்கு ஆறு பொருள் போதும். குளியலறைக்கு வந்ததும் கொஞ்சம் நில்லுங்கள். ஸ்பானிஷில் 'சோப்பா' என்றால் சூப்; சோப்புக்கு 'ஹபோன்' என்பார்கள். விருந்தினர் சோப்பு கேட்டால் அறைக்குச் சூப் போய்ச் சேரக்கூடாது.