எஸ்எஸ்டி பயாஸில் இருக்கிறது, விண்டோஸ் இன்ஸ்டாலரில் காணோம்: என்ன செய்வது?

கேள்வி: பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நானே ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்திருக்கிறேன். 12-ஆம் தலைமுறை இன்டெல் ப்ராசசர், 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. பழைய கம்ப்யூட்டரில் இருந்த 2 டிபி ஹார்ட் டிஸ்க்கையும் மாட்டியிருக்கிறேன். குடும்பப் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பயாஸில் இரண்டுமே தெரிகின்றன. ஆனால் விண்டோஸ் 11 போடப் போனால் பழைய ஹார்ட் டிஸ்க் மட்டும்தான் பட்டியலில் வருகிறது. எஸ்எஸ்டி பழுதா? மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கேட்க வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எஸ்எஸ்டி நன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வேறு எதையும் தொடுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள்: கம்ப்யூட்டரை அணைத்து, மின் இணைப்பை எடுத்துவிட்டு, அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிள்களைக் கழற்றி வையுங்கள். படங்கள் அதில் இருப்பது முதல் காரணம். பட்டியலில் அது ஒன்றுதான் தெரிகிறது என்றால், களைப்பில் ஒரு கிளிக் தவறினாலும் அழிவது அதுதான். இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு டிஸ்க் மாட்டியிருக்கும்போது, விண்டோஸ் தன் பூட் பகுதியை நீங்கள் தேர்ந்தெடுக்காத டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்துவிடுவது உண்டு. பின்னால் என்றாவது அந்த டிஸ்க்கைக் கழற்றினால் கம்ப்யூட்டர் பூட் ஆகாது, ஏன் என்றும் புரியாது.

சரி, இப்போது எஸ்எஸ்டிக்கு வருவோம். டிரைவ் தெரியவில்லை என்றால் யாருக்குத் தெரியவில்லை என்று முதலில் பாருங்கள். மதர்போர்டுக்கே தெரியவில்லையா, இன்ஸ்டாலருக்கு மட்டும் தெரியவில்லையா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. பயாஸில் (கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் இயங்கும் மதர்போர்டு மென்பொருள்) பெயரும் கொள்ளளவும் சரியாக வருகின்றன என்றால் மின்சாரம் போகிறது, எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்திருக்கிறது, எஸ்எஸ்டிக்குள் இருக்கும் கன்ட்ரோலர் பதில் சொல்கிறது என்று அர்த்தம். மிச்சமிருப்பது மென்பொருள் பக்கம்தான்.

12-ஆம் தலைமுறை இன்டெல் என்றதும் நான் முதலில் சந்தேகப்படுவது விஎம்டி என்ற பயாஸ் அமைப்பை. 11-ஆம் தலைமுறையிலிருந்து இது பரவலாக வருகிறது. பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் ரெய்டு போன்ற வசதிகளுக்காக ஏற்படுத்தப்பட்டது. இது இயங்கும்போது என்விஎம்இ டிரைவ், அதாவது உங்கள் எஸ்எஸ்டி, நேரடியாக வெளியே தெரியாது. விஎம்டி கன்ட்ரோலருக்குப் பின்னால் போய்விடும். அந்தக் கன்ட்ரோலருடன் பேச விண்டோஸுக்குத் தனி டிரைவர் வேண்டும். இன்ஸ்டால் செய்யும் யூஎஸ்பியில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. சாட்டா என்ற பழைய வகை இணைப்பில் மாட்டிய டிஸ்க் தெரிந்து, என்விஎம்இ மட்டும் மறைந்துபோவது இந்தச் சிக்கலுக்கே உரிய அடையாளம்.

புதிய கம்ப்யூட்டர், ரெய்டு தேவையில்லை என்றால் விஎம்டியை அணைத்துவிடுவதே எளிது. பயாஸுக்குள் போய் அட்வான்ஸ்ட் பகுதியில் சிஸ்டம் ஏஜென்ட், ஸ்டோரேஜ் போன்ற தலைப்புகளுக்குள் தேடுங்கள். போர்டுக்குப் போர்டு இடம் மாறும். சிலவற்றில் ஆர்எஸ்டி (இன்டெலின் ஸ்டோரேஜ் மென்பொருள்) அல்லது ரெய்டு என்ற பெயரில் இருக்கும். விஎம்டியை டிஸேபிள் செய்யுங்கள், சாட்டா மோடு என்று ஒன்று இருந்தால் அதை ரெய்டு அல்லாத வழக்கமான முறையான ஏஹெச்சிஐ ஆக்குங்கள். எஃப்10 அழுத்திச் சேமித்துவிட்டு யூஎஸ்பியிலிருந்து மறுபடி பூட் செய்யுங்கள். பெரும்பாலும் இத்தோடு எஸ்எஸ்டி பட்டியலில் வந்துவிடும்.

இதே பதிலைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஏற்கெனவே விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் இந்த அமைப்பை மாற்றினால், அந்த விண்டோஸ் நீலத்திரையில் போய் நிற்கும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெக்கவரி கீ கேட்கும். அப்படிப்பட்டவர்கள் விஎம்டியைத் தொடாமல் டிரைவரை ஏற்றுவதே நல்லது. மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில், உங்கள் மாடலுக்கான பக்கத்திலிருந்து இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை இறக்கிக்கொள்ளுங்கள். அது ஒரே இஎக்ஸ்இ கோப்பாக வந்தால் அப்படியே யூஎஸ்பியில் போட்டுப் பயனில்லை. ஐஎன்எஃப் என்று முடியும் கோப்பைத்தான் இன்ஸ்டாலர் தேடும். எனவே பிரித்தெடுத்து, அந்த ஃபோல்டரையே யூஎஸ்பியில் வையுங்கள். டிஸ்க் பட்டியல் வரும் திரையில் லோட் டிரைவர் அழுத்தி அதைக் காட்டினால் போதும். ஏஎம்டி போர்டில் ரெய்டு மோடு போட்டிருப்பவர்களுக்கும் இதே வழிதான். ஆனால் அங்கே மூன்று டிரைவர்களை வரிசையாக ஏற்ற வேண்டியிருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் வரவில்லையா? அதே திரையில் ஷிஃப்டையும் எஃப்10-ஐயும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்பு விண்டோ திறக்கும். அதில் டிஸ்க்பார்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள், அப்புறம் லிஸ்ட் டிஸ்க். எஸ்எஸ்டி அங்கே ஆஃப்லைன் என்று வந்தால் அதன் எண்ணைத் தேர்ந்தெடுத்து ஆன்லைன் டிஸ்க் என்று கொடுத்தால் உயிர் பெறும். க்ளீன் என்ற கட்டளையை இணையத்தில் எல்லா நோய்க்கும் மருந்தாகச் சொல்வார்கள். தேர்ந்தெடுத்த டிஸ்க்கின் பார்ட்டிஷன் பட்டியலை அது ஒரே நொடியில் துடைத்துவிடும், உறுதியா என்று ஒரு வார்த்தை கேட்காது. எஸ்எஸ்டி புதியது, வேறு டிஸ்க் எதுவும் மாட்டப்படவில்லை, காட்டும் கொள்ளளவு அதனுடையதுதான் என்று மூன்றும் உறுதியானால் மட்டும் பயன்படுத்துங்கள். லிஸ்ட் டிஸ்க்கிலேயே எஸ்எஸ்டி வரவில்லை என்றால், க்ளீன் செய்ய அங்கே எதுவும் இல்லை. டிரைவர் பக்கம்தான் திரும்பிப் போக வேண்டும்.

மீடியா டிரைவர் இல்லை என்று ஒரு செய்தி வருவதும் உண்டு. அதைப் பார்த்து எஸ்எஸ்டியைச் சந்தேகிக்காதீர்கள். பல நேரம் குறை இன்ஸ்டால் யூஎஸ்பியில்தான் இருக்கும். அதைப் புதிதாக உருவாக்கி, வேறு போர்ட்டில், முடிந்தால் யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகிப் பாருங்கள்.

பயாஸிலேயே டிரைவ் தெரியாதவர்கள் மதர்போர்டு கையேட்டை எடுத்து எம்.2 ஸ்லாட்டுகளைப் பற்றிய பக்கத்தைப் பாருங்கள். எம்.2 என்பது வடிவம் மட்டும்தான். அதில் சாட்டா வகையும் உண்டு, என்விஎம்இ வகையும் உண்டு. என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டா வகையைச் செருகினால் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் தெரியாது. தங்க நிறத் தொடுமுனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா; ஒன்று மட்டும் இருந்தால் என்விஎம்இ என்று எடுத்துக்கொள்ளலாம். ப்ராசசரைப் பொறுத்து வேலை செய்யும் ஸ்லாட்டுகளும் இருக்கின்றன: பி560 சிப்செட் கொண்டவை போன்ற போர்டுகளில் ப்ராசசரோடு நேரடியாக இணைந்த எம்.2 ஸ்லாட், 10-ஆம் தலைமுறை ப்ராசசர் போட்டால் இயங்காது. அடுத்த ஸ்லாட்டுக்கு மாற்றினால் தீர்ந்தது. எம்.2-வில் ஒன்றைச் செருகியதும் சில சாட்டா போர்ட்டுகள் செயலிழப்பதும் பல போர்டுகளில் உண்டு. அதையும் கையேடு அடிக்குறிப்பில் சொல்லியிருக்கும். நீங்களும் பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டும்போது இதை நினைவில் வையுங்கள்.

சாட்டா டிரைவ் என்றால் டேட்டா கேபிளை மாற்றி, வேறு போர்ட்டில் செருகிப் பார்ப்பது எளிது. மின் கேபிள் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். மாடுலர் பவர் சப்ளையின் (கேபிள்களைத் தனியே கழற்றக்கூடிய வகை) கேபிள்கள் நிறுவனத்துக்கு நிறுவனம், ஒரே நிறுவனத்திலும் மாடலுக்கு மாடல் மாறும். பிளக் பார்க்க ஒன்றுபோல இருக்கிறதே என்று பழைய கேபிளைப் புதிய சப்ளையில் செருகினால், தவறான மின்னழுத்தம் பாய்ந்து டிரைவ் எரிந்துபோகலாம். டிரைவோடு தரவும் போய்விடும். அந்தந்த சப்ளையோடு வந்த கேபிளைத் தவிர வேறெதையும் பயன்படுத்தாதீர்கள்.

எஸ்எஸ்டி உண்மையிலேயே பழுதா என்று எப்படி முடிவு செய்வது? ஒரு லினக்ஸ் லைவ் யூஎஸ்பியில் (இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் லினக்ஸ்) பூட் செய்து, டெர்மினலில் எல்எஸ்பிஎல்கே என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். விண்டோஸுக்குத் தெரியாதது இங்கே முழுக் கொள்ளளவோடு தெரிந்தால் டிரைவ் நன்றாகத்தான் இருக்கிறது. இங்கும் இல்லை, பயாஸிலும் இல்லை, அடுத்த ஸ்லாட்டிலும் இல்லை, யூஎஸ்பி என்க்ளோசரில் போட்டு வேறொரு கம்ப்யூட்டரில் செருகினாலும் இல்லை என்றால் வாரண்டியில் அனுப்ப வேண்டியதுதான். கொள்ளளவு 1 டிபிக்குப் பதிலாகச் சில மெகாபைட் என்று வந்தாலும், மாடல் பெயருக்குப் பதிலாக வேறு ஏதோ பெயர் வந்தாலும் அப்படியே: உள்ளே ஃபர்ம்வேர் கெட்டிருக்கிறது, எந்த அமைப்பை மாற்றியும் அது திரும்பாது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்கும்போது பயாஸ் திரையின் புகைப்படத்தையும், எந்தெந்த ஸ்லாட்டில் சோதித்தீர்கள் என்ற விவரத்தையும் சேர்த்து அனுப்புங்கள். கேள்வி மேல் கேள்வி வந்து நாள் இழுப்பது குறையும்.