108 படிகளை இடித்தது யார்?

கேள்வி: மும்பை செம்பூரில் இருபது ஆண்டுகளாக வசிக்கிறோம். பத்தாம் வகுப்புக்குப் போகவிருக்கும் என் மகன், கட்டைகளை அடுக்கி வேண்டியதைக் கட்டும் மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில், தமிழ்ப் பிள்ளைகள் இணையத்தில் கூடி விளையாடும் ஒரு சர்வரில் ஓராண்டாகச் சேர்ந்திருக்கிறான். எங்கள் சேடா நகர் முருகன் கோவிலின் 108 படிகளையும் அங்கே நான்கு மாதம் உட்கார்ந்து கட்டினான். பொங்கலுக்குத் திருநெல்வேலி போய்த் திரும்பியபோது நடுவில் ஏழெட்டுப் படிகள் கிண்ணம்போலக் குழிந்து கிடந்தனவாம். முன்பே தன்னோடு சண்டையிட்டிருந்த கோவைப் பையனின் வேலைதான் அது என்று முடிவுகட்டி, அந்தப் பையன் விளையாட்டில் கட்டியிருந்த வீட்டை வெடிவைத்துத் தகர்த்துவிட்டான். மறுநாளே இவனைச் சர்வரில் தடை செய்துவிட்டார்கள். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. “தொல்லை விட்டது” என்கிறார் என் கணவர். சர்வரை நடத்தும் அட்மினுக்கு நானே எழுதி மன்னிப்புக் கேட்கலாமா, இதோடு விட்டுவிடலாமா?
— ஒரு தாய், செம்பூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

இரண்டும் வேண்டாம். எழுத வேண்டியது உங்கள் மகன். அதற்கு முன் அவன் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் உங்கள் கணவருக்கு. இடம் கருதி நான் சுருக்கிய உங்கள் கடிதத்தில், படிக்கணக்கில் பையன் பட்ட பாட்டை எழுதியிருந்தீர்கள். அந்த விளையாட்டில் ஒரு கட்டை என்பது ஒரு மீட்டர்; 108 படிகளையும் முழுக் கட்டையால் வைத்தால் குன்று 108 மீட்டர் உயர்ந்துவிடும் என்பதைக் கண்டு, பாதி உயரமுள்ள பலகைக் கட்டைகளுக்கு மாறி, அதை 54 மீட்டருக்குள் அடக்கியிருக்கிறான். நேரில் போய்ப் படிகளை எண்ணிவிட்டு வந்து, இரண்டு முறை பிரித்துக் கட்டியிருக்கிறான். இந்தப் பொறுமையைத் தொல்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஐ.நா. மனித குடியிருப்புத் திட்டமும் இந்த விளையாட்டை உருவாக்கிய மொஜாங் நிறுவனமும் 2012இல் தொடங்கிய ‘பிளாக் பை பிளாக்’ திட்டத்தில், தங்கள் பகுதியின் பொது இடம் எப்படி அமைய வேண்டும் என்பதை மக்கள் இதே கட்டைகளை அடுக்கித்தான் அதிகாரிகளுக்குக் காட்டினார்கள். அது நடந்த ஊர்களில் நம் மும்பையும் ஒன்று என்பதை அவரிடம் சொல்லிவையுங்கள்.

அடுத்து, நடந்திருக்கும் தடையின் அளவைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். மொஜாங்கை 2014இல் மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலருக்கு வாங்கியது. 2023இல் விளையாட்டின் விற்பனை 30 கோடிப் பிரதிகளைத் தாண்டியது. அத்தனை பெரிய நிறுவனம் உங்கள் மகனைத் தண்டிக்கவில்லை. இத்தகைய சிறு சர்வர்களை யாரோ ஒருவர், பெரும்பாலும் ஒரு கல்லூரி மாணவர், கைக்காசில் மாத வாடகைக்குக் கணினி இடம் எடுத்து, படிப்புக்கும் தூக்கத்துக்கும் நடுவே நடத்துகிறார். தடை அந்த ஒரு சர்வருக்கு மட்டும்தான். வாங்கிய விளையாட்டும், வீட்டுக் கணினியில் அவன் தனியாகக் கட்டியவையும் அப்படியே இருக்கும். ஆனால் அவன் இழந்திருப்பது விளையாட்டை அன்று, ஓர் ஊரை. சென்ற ஆண்டு அக்காள் மகனின் துணையோடு நானும் அப்படியொரு சர்வருக்குள் போனேன். அங்கே ஒரு முழு நாள் என்பது நம் கடிகாரத்தில் 20 நிமிடம். திக்குத் தெரியாமல் நின்றுகொண்டிருக்கும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. முன்பின் அறியாத ஒருவர் வந்து, கையில் நாலு ரொட்டியைப் போட்டுவிட்டு, “உள்ள வாங்க, கதவைச் சாத்தணும்” என்று ஆங்கில எழுத்தில் தமிழாகத் தட்டச்சு செய்தார். என் வயதைச் சொன்ன பிறகு ‘ஆன்ட்டி’ என்று மரியாதையாகக் கூப்பிட்டார், அது வேறு கதை. அப்படிப்பட்ட ஓர் இடத்திலிருந்து வெளியே தள்ளப்பட்டால் பதினைந்து வயதில் சோறு இறங்காதுதான்.

இப்போது நான் சொல்ல வந்த செய்தி. குழி கிண்ணம்போல இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். கையால் கட்டைகளைப் பெயர்ப்பவர்கள் வேண்டியதை வரிசையாகப் பெயர்த்துக்கொண்டு போவார்கள். வட்டமாகக் குழிவது வெடிப்பின் அடையாளம். கோவைப் பையனும் வெடிவைத்திருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த உலகத்தில் க்ரீப்பர் என்றொரு பச்சைப் பிராணி உண்டு. மார்க்கஸ் பெர்சன் இந்த விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்த 2009ஆம் ஆண்டில், பன்றி உருவம் ஒன்றைச் செய்யப் போய், நீளத்துக்கும் உயரத்துக்கும் உரிய எண்களை மாற்றிப் போட்டுவிட, பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாக நெட்டுக்குத்தாக எழுந்து நின்ற உருவம் அது. சத்தமில்லாமல் ஆளை நெருங்கி, புஸ்ஸென்று சீறி, வெடித்துத் தானும் அழிந்து, சுற்றியுள்ள கட்டைகளையும் அழித்துவிடும். பக்கத்தில் விளையாடுபவர் எவரும் இல்லாமல் அது தானாக வெடிப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாட்களில் உங்கள் மகன் கட்டிய படிகளை ஏறிப் பார்க்க யாரோ வந்திருக்கலாம். அவரைத் துரத்திக்கொண்டு வந்த பிராணி நடுப்படியில் வெடித்திருக்கலாம். சில சர்வர்களில் அது கட்டடங்களைச் சேதப்படுத்தாதபடி முடக்கி வைத்திருப்பார்கள், ஆகவே இதுதான் நடந்தது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் அறிந்துகொள்ள வழி இருக்கிறது: எந்தக் கட்டையை யார் எந்த நிமிடத்தில் வைத்தார், யார் எடுத்தார், எது வெடித்தது என்று குறித்துக்கொண்டே வரும் கோர்புரொடெக்ட் போன்ற துணைநிரல்களைப் பல சர்வர்களில் நிறுவியிருக்கிறார்கள். பதிவேட்டைப் பார்க்கும்படி அட்மினிடம் கேட்டிருந்தால் சில நிமிடங்களில் தெரிந்திருக்கும். அதே கருவியால் இடிந்ததைப் பழையபடி மீட்கவும் முடியும். உங்கள் மகன் கேட்கவில்லை. சந்தேகத்தின் பேரிலேயே தீர்ப்பும் எழுதித் தண்டனையும் கொடுத்துவிட்டான். அவனை நீக்கிய அட்மினின் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆகவே மன்னிப்புக் கடிதத்தை அவனே எழுதட்டும். நீங்கள் எழுதினால், அம்மாவை அழைத்துவந்த பையன் என்ற பெயர்தான் அங்கே மிஞ்சும். அந்த வயதில் அது தடையைவிடக் கொடியது. என்ன செய்தேன் என்பதை மழுப்பாமல் முதல் வரியிலேயே எழுதச் சொல்லுங்கள். ‘நான் வெடிவைத்தது தவறு, ஆனால்’ என்று தொடங்கும் வாக்கியத்தை நீங்கள் பார்த்தால், ‘ஆனால்’ முதல் கடைசிவரை அடித்துவிடுங்கள். படிகளைப் பற்றிய பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானதே. அதைத் தனியாக, குற்றஞ்சாட்டாமல், கடைசியில் வைக்கலாம். கோவைப் பையனுக்கும் தனியே ஒரு வரி போக வேண்டும். வேறு பெயரில் கணக்குத் தொடங்கி உள்ளே நுழையும் யோசனை இந்நேரம் வந்திருக்கும். பிடிபட்டால் பிறகு எந்த விண்ணப்பமும் எடுபடாது என்று இன்றே சொல்லிவிடுங்கள். தடையை நீக்கப் பணம் கேட்கும் சர்வர்களும் உண்டு. அப்படிக் கேட்டால் கொடுக்காதீர்கள், அந்த இடமே வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. ஓராண்டாக மகன் போய்வரும் ஊரில் அட்மின் யார், மற்றவர்களின் வயதென்ன, விதிமுறைகள் எங்கே எழுதியிருக்கின்றன என்பதையெல்லாம் அவன் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாடகை வீடு பார்க்கும்போது அக்கம்பக்கத்தை விசாரிக்கிறோம் அல்லவா, அதுபோல. இவர்கள் பேசிக்கொள்வது பெரும்பாலும் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில்தான் இருக்கும்; 13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அங்கே அனுமதி உண்டு என்பதால் அதில் தவறில்லை, ஆனால் எல்லோரும் பார்க்கும் அரட்டையை விட்டுத் தனிச்செய்திக்கு இழுத்துப் படமோ பள்ளியின் பெயரோ கேட்பவர் யாராக இருந்தாலும் உடனே உங்களிடம் சொல்ல வேண்டும். பணமோசடி என்றால் இணையக் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள். பத்தாம் வகுப்புக்கான நேர வரம்பை, தடை நீங்குமா நீங்காதா என்று தெரிவதற்கு முன்பே பேசி முடியுங்கள். பிறகு பேசினால் அது தண்டனையாகத் தெரியும்.

வீட்டில் இந்தியிலேயே பதில் சொல்பவன் அந்தச் சர்வரில் மட்டும் தமிழில் சண்டை போடுகிறான் என்று வருத்தத்தோடு எழுதியிருந்தீர்கள். எனக்கென்னவோ அதில் வருந்த எதுவும் தெரியவில்லை.

அட்மின் உடனே பதில் எழுதுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவருக்கும் தேர்வு இருக்கலாம். தடை நீங்கினால் முதல் வேலையாகக் கோவைப் பையனின் வீட்டைத் தன் சேமிப்பிலுள்ள கற்களைக்கொண்டு உங்கள் மகன் கட்டிக்கொடுக்கட்டும். படிகளை அதற்குப் பிறகு சரிசெய்யலாம். அப்போது குன்றைச் சுற்றி நிறைய விளக்குகள் வைக்கச் சொல்லுங்கள். அந்தப் பச்சைப் பிராணி இருட்டில்தான் பிறக்கிறது.