மட் நிரலில் ஜிமெயில் உள்நுழைவு தோல்வி: பதில்

வணக்கம். ஜிமெயில் கடவுச்சொல் உலாவியில் வேலை செய்ய, முனையத்தில் இயங்கும் மின்னஞ்சல் நிரலான மட்டில் (Mutt) மட்டும் அதே கடவுச்சொல்லால் உள்நுழைவு தோல்வியடைவதாக எழுதியிருக்கிறீர்கள். சேவையகம் பதில் தருவதால் முகவரியும் 993 என்ற போர்ட்டும் (இணைப்பு வாயில் எண்) சரியாகவே இருக்கின்றன. மட்டின் அமைப்புக் கோப்பான மட்ஆர்சியை (muttrc) முழுவதும் கலைத்து மாற்ற வேண்டாம்; காரணம் வேறு. தனிநபர் கணக்குகளில் வெறும் கடவுச்சொல்லை வைத்து வெளி நிரல்கள் உள்நுழைவதை 2022 மே 30 முதல் கூகுள் நிறுத்திவிட்டது.

கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கிய பின், வெளி நிரலுக்கென்றே கூகுள் தரும் தனிக் கடவுச்சொல்லான ஆப் பாஸ்வேர்ட் ஒன்றை உருவாக்குங்கள். நான்கு நான்காகப் பிரித்துக் காட்டப்படும் அந்த 16 எழுத்துகளை இடைவெளியின்றிச் சேர்த்து, மட்ஆர்சியில் ஐமேப் (அஞ்சல் பெறுவது), எஸ்எம்டிபி (அஞ்சல் அனுப்புவது) ஆகிய இரண்டு கடவுச்சொல் வரிகளிலும் இடுங்கள்; பலர் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு, அஞ்சல் வருகிறது, போகவில்லை என்று திரும்பி வருவார்கள். அனுப்பும் முகவரி 465 போர்ட்டில் எஸ்எம்டிபிஎஸ் (smtps) என்றும், 587 போர்ட்டில் எஸ்எம்டிபி (smtp) என்றும் தொடங்க வேண்டும்; மாற்றி எழுதினால் இணைப்பே அமையாது.

பூட்டில்லாத கோப்பில் கடவுச்சொல்லை வைப்பது எனக்கு உடன்பாடில்லை. ஜிபிஜி (GPG) என்ற மறையாக்க நிரலால் மறையாக்கிய தனிக் கோப்பில் வைத்து, மட்ஆர்சியில் சோர்ஸ் (source) கட்டளையால் அழைப்பதே நல்லது. கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைப் பின்னர் மாற்றினால் இந்த ஆப் பாஸ்வேர்டும் செல்லாததாகிவிடும். அப்போது புதிதாக ஒன்று எடுக்க வேண்டியிருக்கும்.