சொல்லுக்கு நடுவே ஓட்டை விழாமல் வரியை நிறைப்பது எப்படி?

கேள்வி: ஊர்க் கோயில் குடமுழுக்கு மலரை இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், பக்கத்துக்கு மூன்று பத்தியாக அமைக்கிறேன். வரிகளின் இரு ஓரமும் நேராக நிற்க ஜஸ்டிஃபை கொடுத்தால் சொற்களுக்கு நடுவே பெரிய ஓட்டைகள் விழுகின்றன. எழுத்து இடைவெளியைக் கூட்டினால் கொம்பு தனியே பிரிந்து நிற்கிறது. என்ன அளவு கொடுக்கலாம்?

பதில்: அளவுகளில் கை வைக்கும் முன், ஒரு வரியில் எத்தனை சொற்கள் விழுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். நான்கு சொல் வரியில் 9 மி.மீ. மிஞ்சினால் ஒவ்வோர் இடைவெளியும் 3 மி.மீ. அகலும். பத்துச் சொல் வரியில் அதுவே 1 மி.மீ.தான்; கண்ணில் படாது. நம் சொற்களோ நீளமானவை. எனவே முதல் வைத்தியம், மூன்று பத்தியை இரண்டாக்குவது.

அடுத்து கொம்பு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ‘கொ’ என்பது கொம்பு, க, கால் என மூன்று தனிக் குறிகள். எழுத்து இடைவெளி கூடினால் மூன்றும் விலகத்தான் செய்யும். யூனிகோடுக்கு மாற்றி, பாராகிராஃப் பேனலில் ‘வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போஸர்’ (தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் முறை) என்பதைத் தேர்ந்தெடுங்கள். மாற்ற முடியாதென்றால் ‘லெட்டர் ஸ்பேஸிங்’ கட்டங்கள் மூன்றிலும் 0 இருக்கட்டும்.

இப்போது ‘ஜஸ்டிஃபிகேஷன்’ பெட்டி. அதில் ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்சம், விரும்பும் அளவு, உச்சம் என மூன்று கட்டங்கள், எல்லாம் சதவீதத்தில். சொல் இடைவெளி 80, 100, 133 என்றே வரும். 75, 95, 140 வைத்துப் பாருங்கள். யூனிகோடில் எழுத்து இடைவெளிக்கு -1, 0, 2 போதும். எழுத்தின் அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் ‘கிளிஃப் ஸ்கேலிங்’ 98, 100, 102. சொல் இடைவெளியின் உச்ச அளவை 200 ஆக்கினால் ஓட்டை அடைபடாது. வரி நிறையாவிட்டால் மென்பொருள் உச்சத்தை எப்படியும் மீறிவிடும். மீறிய வரிகளை மஞ்சளில் காட்டும் வசதி, பிரிஃபரன்ஸஸ் பகுதியின் ‘கம்போஸிஷன்’ பக்கத்தில் உண்டு. உச்சத்தை ஏற்றினால் அந்த மஞ்சள்தான் மறையும்! ‘ஜஸ்டிஃபிகேஷன்’ பெட்டியிலேயே ‘சிங்கிள் வேர்டு ஜஸ்டிஃபிகேஷன்’ என்பதை இடப்பக்கத்துக்கு மாற்றுங்கள். இல்லையேல் ஒற்றைச் சொல் வரி, எழுத்து எழுத்தாகச் சிதறும்.

மிச்ச மஞ்சள் வரிகளுக்குச் சொல்லை உடைப்பதே வழி. தமிழில் ஒட்டுக்குறி (ஹைஃபன்) இல்லாமலே உடைக்கலாம். ஆனால் அடுத்த வரி புள்ளி எழுத்தில் தொடங்கக் கூடாது. ‘படித்துக் / கொண்டிருந்தவர்கள்’ சரி. ‘படித்து / க்கொண்டிருந்தவர்கள்’ பார்க்கவே கூசும். உடைக்கும் இடத்தில் என்டர் தட்டாதீர்கள். டைப் மெனுவில் ‘இன்சர்ட் பிரேக் கேரக்டர்’ பகுதியிலுள்ள ‘டிஸ்கிரிஷனரி லைன் பிரேக்’ கொடுங்கள். பிழை திருத்தத்தில் வரி நகர்ந்தாலும் அது சத்தமில்லாமல் கிடக்கும். என்டரோ நடு வரியில் பல்லைக் காட்டும்.

நன்கொடையாளர் பட்டியலுக்கு ஜஸ்டிஃபை வேண்டவே வேண்டாம். பெயர்களை உடைக்க முடியாது. இடப்பக்கம் ஒட்டி விட்டுவிடுங்கள்.