மாவுக்கு வாட் இல்லை, கேக்குக்கு உண்டு

கேள்வி: டர்பன் சாட்ஸ்வர்த்தில் வீட்டு கராஜை மாற்றி இரண்டு வருடமாக பேக்கரி நடத்துகிறேன். பிறந்தநாள் கேக், பிஸ்கட், தீபாவளிக்கு முறுக்கு, போளி செய்கிறேன். கடந்த 12 மாதத்தில் சுமார் 7,80,000 ராண்டுக்கு விற்பனை. எல்லாச் செலவும் போக 2,20,000 நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு வேறு வருமானம் இல்லை. நாத்தனார் மகளும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் சம்பளத்துக்கு உதவுகிறார்கள். இதுவரை சார்ஸுக்கு (தென்னாப்பிரிக்க வரித்துறை) எதுவும் காட்டவில்லை. "வாட் (மதிப்புக் கூட்டு வரி) பதிவு செய்தால் மாவுக்குக் கட்டினது திரும்ப வரும்" என்கிறார் ஒருவர். "மில்லியனுக்குக் கீழே இருந்தால் வரியே இல்லை" என்கிறார் இன்னொருவர். இப்போது ஒரு டேக்அவே கடை, பன்னி சாவுக்கு (பிரெட்டைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் டர்பன் உணவு) வெள்ளை பிரெட் மாதம் 20,000 ராண்டுக்குக் கேட்கிறது. ஒப்புக்கொள்ளலாமா? கணக்கை எப்படி ஒழுங்கு செய்வது?
(வாசகி, சாட்ஸ்வர்த்)

பதில்: சகோதரி, அந்த பிரெட் ஆர்டருக்கு இந்த வாரம் சரி சொல்லிவிடாதீர்கள். முதலில் ஒரு கணக்கைச் சேர்ந்து பார்ப்போம். உங்கள் கேள்விகளில் பணம் அதிகமாகப் போகக்கூடிய இடம் அதுதான்.

இதில் நான் தரும் எண்களும் கணக்கும் 2026 பிப்ரவரி 28-இல் முடிந்த வரி ஆண்டின் விதிப்படி. ஒவ்வொரு பிப்ரவரியும் பட்ஜெட்டில் இவை மாறலாம். அதற்குப் பிறகு இதைப் படிப்பவர்கள் புதிய எண்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

2026 மார்ச் வரை, எந்தத் தொடர்ச்சியான 12 மாதத்திலாவது விற்பனை 10 லட்சம் ராண்டைத் தாண்டினால் வாட் பதிவு கட்டாயமாக இருந்தது. காலண்டர் வருடமும் இல்லை, வரி ஆண்டும் இல்லை. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் திரும்பிப் பார்த்து, அதுவரையிலான 12 மாதத்தைக் கூட்ட வேண்டும். தாண்டினால் 21 வேலை நாளுக்குள் பதிவு. உங்கள் விற்பனை 7,80,000. பிரெட் ஆர்டர் வருடத்துக்கு 2,40,000. கூட்டினால் 10,20,000. அதாவது இந்த ஆர்டரை எடுத்தால் ஒரு வருடத்துக்குள் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள்.

தாண்டினால் என்ன ஆகும்? பிரெட்டுக்கு மட்டுமல்ல, உங்கள் கேக், பிஸ்கட், முறுக்கு எல்லாவற்றுக்கும் 15 சதவீதம் வாட். விலையை ஏற்றாமல் பழைய விலைக்கே விற்றால், 7,80,000-க்குள் அடங்கும் வாட் சுமார் 1,01,700 ராண்ட். அதை நீங்கள் சார்ஸுக்குக் கட்ட வேண்டும். வாங்கிய பொருளுக்கு நீங்கள் கட்டிய வாட்டைக் கழித்துக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் பேக்கரிக்காரர்களுக்குக் கழிக்க அதிகம் இருக்காது. கேக் மாவுக்கும் வெள்ளை பிரெட் மாவுக்கும் 2019 ஏப்ரல் 1 முதல் வாட் பூஜ்யம். முட்டை, பால், சமையல் எண்ணெய்க்கு அதற்கு முன்பிருந்தே பூஜ்யம். மாவுக்கு நீங்கள் வாட் கட்டவே இல்லை, கட்டாதது எப்படித் திரும்ப வரும்? உங்களுக்கு ஆலோசனை சொன்னவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் அவர் வேறு தொழிலை மனதில் வைத்துச் சொல்கிறார். ஒரு தச்சர் மரத்துக்கும் ஆணிக்கும் வாட் கட்டுகிறார், அவருக்கு அது திரும்ப வரும்.

உங்களுக்குக் கழிக்கக் கிடைப்பது சர்க்கரை, வெண்ணெய், மார்ஜரின், ஐசிங், கேக் பெட்டி, கேஸ், மின்சாரம் போன்றவற்றில் இருப்பது. முட்டை சேர்க்காத கேக் நிறைய செய்கிறவர்கள் கண்டென்ஸ்ட் மில்க்கையும் சேர்த்துக்கொள்ளலாம். பூஜ்ய வாட் சாதாரணப் பாலுக்குத்தான், கண்டென்ஸ்ட் மில்க்குக்கு இல்லை. இவை எல்லாம் வாட்டோடு வருடத்துக்கு 2,00,000 ராண்ட் என்று வைத்தால், அதில் உள்ள வாட் சுமார் 26,100. மீதி 75,600 ராண்ட் உங்கள் கையிலிருந்து போகிறது. பிரெட்டில் 10 சதவீதம் லாபம் நின்றால்கூட அந்த ஆர்டர் வருடத்துக்குத் தருவது 24,000 ராண்ட்தான். விடிகாலை எழுந்து பிரெட் போட்டு, வருடக் கடைசியில் 50,000-க்கு மேல் பின்னால் நிற்பீர்கள்.

அதற்காக வளரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கோட்டைத் தாண்டினால் நன்றாகத் தாண்ட வேண்டும், 10,20,000-இல் போய் நிற்கக் கூடாது. நான் சொன்ன கணக்கில் பழைய லாபம் அப்படியே நிற்க கேக் விலை சுமார் 11 சதவீதம் ஏற வேண்டும். உங்கள் தெருவில் 400 ராண்டுக்குப் போகும் கேக் 444-க்குப் போகுமா? அது உங்களுக்குத்தான் தெரியும். அந்த டேக்அவே கடை வாட் பதிவு உள்ளதா என்றும் கேளுங்கள். இருந்தால் நீங்கள் விலைக்கு மேல் போடும் 15 சதவீதத்தை அவர்கள் கழித்துக்கொள்வார்கள், தயங்காமல் போடலாம். பிறந்தநாளுக்குக் கேக் வாங்கும் அம்மாவால் கழிக்க முடியாது, அவருக்கு அது முழு விலையேற்றம்.

பிரவுன் பிரெட்டுக்கு வாட் பூஜ்யம்தானே, அதைப் போடலாமே என்று தோன்றும். விற்கும்போது பூஜ்யம்தான், ஆனால் 10 லட்சக் கணக்கில் அதுவும் சேரும். பலர் சறுக்குவது இங்கேதான்.

சரி, இப்போது வருமான வரி. "மில்லியனுக்குக் கீழே வரியே இல்லை" என்பது தவறு. அந்த எல்லை வாட்டுக்கு. வருமான வரியில் அந்த வரி ஆண்டில் 65 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு 95,750 ராண்ட் வரை வரி இல்லை. லாபம் அதற்குக் கீழே இருந்தாலும் தொழில் நடத்துகிறவர் ரிட்டர்ன் கொடுக்க வேண்டும். உங்கள் 2,20,000 லாபத்துக்கு 18 சதவீதம் 39,600. அதில் 17,235 ராண்ட் கழிவு போக 22,365 கட்ட வேண்டிவரும்.

இன்னொரு வழி இருக்கிறது. உங்களைப் போன்றவர்களுக்காகவே வைத்திருக்கிறார்கள், ஆனால் கேட்டால்தான் கிடைக்கும்: டர்ன்ஓவர் வரி. லாபத்தைப் பார்க்காமல் விற்பனையின் மீது சிறிய வரி. அந்த வரி ஆண்டில் முதல் 3,35,000-க்கு ஒன்றுமில்லை. 5,00,000 வரை 1 சதவீதம், 7,50,000 வரை 2, அதற்கு மேல் 10 லட்சம் வரை 3. உங்கள் 7,80,000-க்கு மொத்தம் 7,550 ராண்ட். மேலே சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு. லாபம் சுமார் 1,37,700-க்குக் கீழே இறங்கும் வருடத்தில் மட்டும் சாதாரண முறை மலிவாக இருக்கும். நஷ்டம் வந்தாலும் டர்ன்ஓவர் வரி கட்டத்தான் வேண்டும், அது இதன் பலவீனம். உங்கள் லாபம் அந்த எல்லைக்கு வெகு மேலே இருப்பதால், என் கருத்தில் நீங்கள் இதற்குப் போவதே நல்லது. மார்ச் 1-க்கு முன் டிடி01 படிவம் கொடுத்தால்தான் புதிய வரி ஆண்டுக்குச் செல்லும். கடைசி வாரத்துக்கு விடாதீர்கள். அந்த ஆண்டின் விதிப்படி 10 லட்சத்தைத் தாண்டினால் இந்தச் சலுகையும் போய்விடும். பிரெட் ஆர்டரைப் பற்றி நான் இவ்வளவு பேச இதுவும் காரணம்.

காட்டாமல் விட்ட இரண்டு வருடத்தைப் பற்றி. இதை நினைத்து உங்களுக்குத் தூக்கம் கெட்டிருக்கும் என்று கடிதத்தைப் படித்தபோதே தோன்றியது. சார்ஸில் தானாக முன்வந்து சொல்வதற்கென்றே ஒரு திட்டம் இருக்கிறது, விடிபி என்பார்கள். சார்ஸ் தணிக்கை நோட்டீஸ் அனுப்புவதற்கு முன் நீங்களாகச் சொன்னால் குற்ற வழக்கு வராது, குறைத்துக் காட்டியதற்கான அபராதத்தின் பெரும்பகுதியும் தள்ளுபடியாகும். வரியும் வட்டியும் கட்ட வேண்டும், தாமத ரிட்டர்னுக்கான அபராதம் தனியாக வரலாம். நோட்டீஸ் வந்த பிறகு போனால் இந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிடும். வங்கிகள் கணக்கு விவரங்களை சார்ஸுக்கு அனுப்புகின்றன, அதனால் தெரியாமலே போய்விடும் என்று நம்ப வேண்டாம். இதை மட்டும் தனியாகச் செய்யாதீர்கள், சார்ஸில் பதிவு பெற்ற வரி ஆலோசகரோடு செய்யுங்கள். பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள். ரீஃபண்டில் பங்கு கேட்பவரும் சார்ஸின் ஈஃபைலிங் இணையதள பாஸ்வேர்டைக் கேட்பவரும் வேண்டாம்.

கணக்கு எழுதுவது நீங்கள் பயப்படும் அளவுக்குப் பெரிய வேலை இல்லை. பேக்கரிக்கென்று தனி வங்கிக் கணக்கு இன்றே திறங்கள். ஸ்பீட்பாயிண்ட் (கார்டு இயந்திரம்), ஈஎஃப்டி (வங்கிப் பரிமாற்றம்), ரொக்கம் மூன்றும் அங்கேதான் போக வேண்டும். வீட்டுச் செலவுக்கு மாதம் ஒருமுறை ஒரு தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கல்யாணக் கேக்குக்கு அக்டோபரில் வாங்கும் முன்பணம் அக்டோபர் வரவு, அந்த நாளிலேயே எழுதுங்கள். வீட்டு ரொட்டிக்கும் பேக்கரிக்கும் ஒரே மூட்டையிலிருந்து மாவு எடுக்காதீர்கள், பில்லும் தனித்தனியாக இருக்கட்டும். ரசீதுகளை ரிட்டர்ன் கொடுத்த நாளிலிருந்து 5 வருடம் வைத்திருக்க வேண்டும். வெப்பத்தில் மை மறையும் ரசீதைப் போனில் படம் எடுத்துவிடுங்கள்.

டர்ன்ஓவர் வரிக்குப் போனால் செலவுகளைக் கழிக்க முடியாது. இருந்தாலும் எழுதுங்கள், லாபம் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். பழைய இரண்டு வருடத்துக்கோ செலவு ரசீது கட்டாயம் தேவை. கராஜ் பேக்கரிக்கு மட்டுமே பயன்படுகிறது என்றால் மின்சாரம், வீட்டுக் கடன் வட்டி போன்றவற்றில் அதன் பங்கைக் கழிக்கலாம். காரையும் அங்கே நிறுத்தினால் கிடைக்காது. 7,000 ராண்டுக்குக் குறைவான மிக்சர் போன்ற சாமான்களை வாங்கிய வருடமே முழுவதும் கழிக்கலாம்.

உதவிக்கு வரும் இருவரையும் மறக்காதீர்கள். நாத்தனார் மகள் என்றாலும் சட்டத்துக்கு அவர் ஊழியர்தான். 2025 மார்ச் 1 முதல் 2026 பிப்ரவரி வரை குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்ட். மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்பவருக்கு யுஐஎஃப் (வேலையின்மைக் காப்பீட்டு நிதி) கட்ட வேண்டும்: அவர் சம்பளத்திலிருந்து 1 சதவீதம், உங்கள் கையிலிருந்து 1 சதவீதம். வேலையில் காயம் பட்டால் உதவும் காம்பன்சேஷன் ஃபண்டிலும் பதிவு வேண்டும். சூடான ஓவன் முன்னால் நிற்கும் பெண்களுக்கு இது அவசியம்.

டேக்அவே கடைக்காரரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: மாதம் 20,000 முடியாது, வாரக் கடைசிக்கு மட்டும் 8,000 ராண்டுக்குப் போட்டுத் தருகிறேன். வருடத்துக்கு 96,000. கேக்கோடு கூட்டினால் 8,76,000. கோட்டுக்குக் கீழேதான் இருப்பீர்கள், அடுத்த தீபாவளி விற்பனை கூடினாலும் இடம் இருக்கும்.